பதினேழாம் எண் மாத்திரை

ஹுர்மத்துக்கும் ஜுலைஹோவுக்கும் நெஞ்செரிச்சல் வந்ததே போட்டிக்குத்தான் என்று கோகந்து நகரில் அவர்கள் தெருவே பேசிக்கொண்டது. சம்பந்திகள் இருவரும் அப்படி. ஒருத்தி வீட்டில் புதுத் திரைச்சீலை தொங்கினால், மறுவாரம் அடுத்தவள் வீட்டு ஜன்னலும் பட்டு உடுத்திக்கொள்ளும். ஹுர்மத்துக்கு வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறுகிறது, ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜுலைஹோ அதே ஆஸ்பத்திரிப் படியில் நின்றாள். குழாய் விட்டுப் பார்த்ததில் அவளுக்கும் உணவுக்குழாய் புண்ணாகித்தான் இருந்தது. வெறும் நடிப்பென்று அடித்துச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரிகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இன்று எட்டு வாரம் முடிந்த நாள். காலையிலேயே இருவருக்கும் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. முடிவுக்காக நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நஃபோசத். ஹுர்மத் பெற்ற மகள். ஜுலைஹோ வீட்டு மருமகள். கல்யாணமாகி இரண்டு வருஷம், அதில் பதினாறு மாதம் புருஷன் வெளிநாட்டில், கசானில் கட்டட வேலையில். அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. மாமியார் அதைப் பார்த்துவிட்டாள். அவள் எதைத்தான் பார்க்கவில்லை?

"குழாய் விட்டது எங்களுக்கு. நீ ஏன் வெளிறிப்போய் உக்காந்திருக்க?"

"ஒண்ணுமில்ல அத்தை. காலையில டீ குடிக்கல."

நர்ஸ் ஜுலைஹோவை முதலில் கூப்பிட்டாள். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தவளின் நடையில் ஒரு கல்யாண வீடு தெரிந்தது.

"புண்ணு சுத்தமா ஆறிடுச்சாம். குழந்தைத் தொண்டை மாதிரி இருக்காம் சம்பந்தியம்மா."

"குழந்தைன்னு டாக்டர் சொன்னாங்களா, நீங்களே சேத்துக்கிட்டீங்களா?" என்றாள் ஹுர்மத். சொல்லும்போதே கை நெஞ்சுக்குழிக்குப் போயிற்று. நஃபோசத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஏனென்று தெரு அறியாது. அறிந்திருந்தால் இந்த எட்டு வாரமும் வேறு பேச்சே இருந்திருக்காது.

ஆராய்ச்சியின் ஏற்பாடு இது: பாதிப்பேருக்குப் புது மாத்திரை, பாதிப்பேருக்கு வழக்கமான பழைய மாத்திரை. ஒரே நிறம், ஒரே வடிவம், ஒரே வெள்ளைப் புட்டி. புட்டியின்மேல் எண் மட்டும் வேறு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. விவரம் தலைநகர் தாஷ்கந்தில் உறையிட்டுப் பூட்டியிருக்கிறது. ஹுர்மத்தின் எண் பதினேழு, ஜுலைஹோவுடையது இருபத்துமூன்று.

முதல் மாதம் பதினேழு அற்புதம் செய்தது. ஹுர்மத் ஒரு கல்யாணத்தில் செம்மறி வால்கொழுப்புப் போட்ட பிலாவ் சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள். இருபத்துமூன்று ஒன்றும் செய்யவில்லை. ஜுலைஹோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருமினாள். இருமலுக்கு நடுவே மருமகளைத் திட்டினாள். "எனக்குத் தொண்டையில ஏறுறது அமிலம் இல்லடி, நீ ஊத்துற பருத்திக்கொட்டை எண்ணெய்." தினமும் சாயங்காலம் கசானுக்குப் போன் போனது. "உன் பொண்டாட்டி என்னை உள்ளுக்குள்ளயே வறுக்கிறா." ஒரு நாள் மகன் நஃபோசத்திடம் பேசினான். அம்மாவுக்குச் சரியாகிற வரைக்கும் நீ கொஞ்ச நாள் உங்க வீட்டில் இரு என்றான். கோகந்தில் ஒரு பெண் கொஞ்ச நாள் என்று பெட்டியோடு போனால், அது எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இரண்டாம் மாதப் புட்டிகளை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தவள் நஃபோசத்தான். வீட்டில் யாரும் இல்லாத மதியம். சமையலறை மேஜையில் பதினேழில் இருந்ததை ஒரு கிண்ணத்தில் கொட்டினாள், இருபத்துமூன்றில் இருந்ததை இன்னொன்றில். பிறகு மாற்றி நிரப்பினாள். அம்மாவுக்குத்தான் ஆறிவிட்டதே, இனி எதைத் தின்றால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்து நாளில் ஜுலைஹோவின் இருமல் நின்றது. கசானிலிருந்து வந்த போனில் பெட்டிப் பேச்சு இல்லை. அம்மாவும் எதுவும் சொல்லவில்லை.

அம்மா வாயால் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தினக்குறிப்பில் எழுதியிருந்தாள்.

"பதினேழு," என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

ஜுலைஹோ மாதிரி அவசரக்காரிகளைத் தவிர அந்த ஊரில் டாக்டரிடம் யாரும் தனியாகப் போவதில்லை. ஹுர்மத் எழுந்தாள், மகள் எழுந்தாள். அழைக்காமலே சம்பந்தியும் எழுந்து எல்லாருக்கும் முன்னால் உள்ளே போய் நல்ல நாற்காலியைப் பிடித்தாள்.

டாக்டர் மவ்ஜூதா ஹுர்மத்தின் தினக்குறிப்பை விரித்து வைத்திருந்தார். தினமும் எரிச்சலுக்கு ஒரு எண், பூஜ்யத்திலிருந்து பத்துவரை. ஹுர்மத்தின் கிறுக்கல் எழுத்தில் எட்டு, ஆறு, மூணு, ஒண்ணு, ஒண்ணு என்று இறங்கி, ஐந்தாம் வாரம் மறுபடி ஏறியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒன்பது.

"முதல்ல கேட்ட மாத்திரை இப்ப கேக்கல. நடுவுல விட்டுட்டீங்களா அக்கா?"

"ஒரு வேளை விடல. வேணும்னா எண்ணிப் பாருங்க."

"எண்ணியாச்சு. சரியாத்தான் இருக்கு. அதான் எனக்குக் கவலை." டாக்டர் இன்று எடுத்த படத்தைக் காட்டினார். சிவப்பாக, தோல் உரிந்த பழம் மாதிரி இருந்தது. "முன்னைவிட மோசம். இந்த மாதிரி மாத்திரைக்கு அடங்காத உடம்புக்கு இதே ஆராய்ச்சியில அடுத்தபடி ஆபரேஷன். இரைப்பையோட மேல்பக்கத்தை இழுத்து உணவுக்குழாயைச் சுத்தித் தைப்பாங்க. தாஷ்கந்தில புதன்கிழமை இடம் இருக்கு."

"அறுக்கணுமா?"

"சின்னச் சின்ன ஓட்டைதான். ஆனா மயக்க மருந்து உண்டு. உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு, அதையும் மறைக்காம சொல்லிடறேன்."

ஜுலைஹோ நாக்கால் உச்சுக் கொட்டினாள். "எனக்குக் கேட்டுதே. ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி. மனசு நல்லா இருந்தா மருந்து கேக்கும்."

"உங்க மனசு நல்லா இருந்த வருஷம் எதுன்னு சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்," என்றாள் ஹுர்மத். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "பேனா குடுங்க. படுத்துத் தூங்கி ஒரு மாசமாச்சு. எதை வேணும்னாலும் தைச்சுக்குங்க."

நர்ஸ் சம்மதப் படிவத்தை முன்னால் தள்ளினாள். மூன்று இடத்தில் கையெழுத்து. ஹுர்மத் முதல் இடத்தில் பேனாவை ஊன்றி, 'ஹு' என்று ஆரம்பித்தாள்.

நஃபோசத் பக்கவாட்டில் பார்த்தாள். மாமியார் கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தாள். தன் தொண்டை ஆறிய சேதி கசானுக்குப் போகப் போகிறது. இன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு வீடும் நிற்கும். மயக்க மருந்து கொடுத்த எல்லாருமா எழுந்திருக்காமல் போகிறார்கள்? அவள் அதைக்கூட நினைத்தாள்.

அம்மாவின் பேனா இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தது.

"போடாதீங்கம்மா."

"என்னடி?"

"அந்த மாத்திரை உங்களுது இல்ல. ரெண்டாவது மாசம் நான் மாத்திட்டேன். உங்களுதை அத்தைக்குக் குடுத்தேன். அத்தையோடதை உங்களுக்கு."

ஜுலைஹோவின் போனில் மணி போய்க்கொண்டிருந்தது. கசானில் மகன் எடுத்து 'அம்மா, அம்மா' என்றான். அவள் போனை அணைத்தாள்.

டாக்டர் படிவத்தை இழுத்துக்கொண்டார். கோபத்தில் அவர் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "மாத்திரைக்கு அடங்காத உடம்புன்னு எழுதி, கிழிக்க அனுப்பியிருப்பேன். புரியுதா உனக்கு?"

"புரியுது டாக்டரம்மா."

"ரெண்டு பேரையும் ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்தாகணும். நடந்ததைத் தாஷ்கந்துக்கு நான் எழுதியாகணும். ஆபரேஷன் இப்ப இல்ல."

"பதினேழுல என்ன இருந்துச்சு? புதுசா, பழசா?" என்று ஹுர்மத் கேட்டாள். மகளைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் உறையைப் பிரிச்சாத்தான் தெரியும். புதுசு கடையில கிடைக்காது. பழசை ரெட்டிப்பு அளவுல தரேன், எட்டு வாரம் பாப்போம். அதுக்கும் அடங்கலேன்னா அப்புறம்தான் தாஷ்கந்த்."

ஜுலைஹோ மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைத் தெரு பார்த்திருந்தால் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கும், ஒன்றும் பலித்திருக்காது.

"ஏண்டி?" என்றாள்.

"நீங்க இருமினீங்க அத்தை. அவரு என்னை அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னாரு."

ஜுலைஹோ போனைக் கைப்பைக்குள் திரும்பப் போட்டாள். ஹுர்மத் மகள் பக்கம் திரும்பினாள்.

"அவங்க இருமினது உனக்குக் கேட்டுச்சு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை வந்து என் எதிர்ல உக்காந்து ரொட்டி தின்னியே. நான் ஒரு கவளம் முழுங்க எவ்வளவு நேரம் எடுத்தேன்னு பாத்தியா?"

"பாத்தேம்மா."

"பாத்தியா," என்றாள் ஹுர்மத், மெதுவாக. நஃபோசத் இல்லை என்று சொல்லியிருந்தால் தேவலை.

"விடுங்க சம்பந்தியம்மா," என்றாள் ஜுலைஹோ. அவளிடமிருந்து யாரும் கேட்டிராத குரல். "வீட்டை விட்டுப் போன்னு நாங்க சொன்னோம். பயந்துட்டா."

"என் பொண்ணை நான் பேசறேன். நீங்க நடுவுல வராதீங்க."

நர்ஸ் ஒரு அட்டை மாத்திரையும் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். வெறும் வயிற்றில் இப்பொழுதே முதல் மாத்திரை என்றார் டாக்டர். நஃபோசத் அட்டையைப் பிரித்து, இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

ஹுர்மத் அந்தக் கையைப் பார்த்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. டாக்டர் எதையோ எழுதுவதுபோலத் தலை குனிந்துகொண்டார்.

"சம்பந்தியம்மா," என்றாள் ஹுர்மத் கடைசியில். "அந்த அட்டையிலேர்ந்து வேற ரெண்டு பிரிச்சு நீங்க குடுங்க."

ஜுலைஹோ எழுந்து வந்தாள். கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி இரண்டைப் பிரித்தாள். ஹுர்மத் அதை வாங்கி வாயில் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள். ஒவ்வொரு மடக்குக்கும் முகம் சுருங்கிற்று. கிண்ணம் காலியாகும்வரை மாமியாரும் மருமகளும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.