இரண்டு மில்லி

டயரின் ஓரத்தில் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு, முன்சக்கரம் சுற்றச் சுற்ற அந்தக் கோடும் சுற்றுகிறது, ரிம்மை மட்டும் கவ்வ வேண்டிய பிரேக் கட்டை மேல்விளிம்பால் டயரையும் தொட்டுத் தொட்டு உரசுகிறது, கல்லூரி விடுதியின் சைக்கிள் ஷெட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஓட ஓடத் தேய்ஞ்சு சரியாயிடும் என்று சொல்கிறேன், சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிகிறது, ஜெசிந்தா ஹேண்டில்பாரில் சாய்ந்து கொய்யாப்பழம் கடிக்கிறாள், நீ சொன்னா சரிதான்டி கணக்குப்புலி என்கிறாள், இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கொய்யாவை அவள் தின்று முடிக்கவேயில்லை.

இப்போது அதே சைக்கிள் சேலத்தில் என் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது, ஓமலூரிலிருந்து டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் போன் செய்தாள், டிசம்பருக்குள்ள ஏற்காட்டு மலை மேலேர்ந்து இறங்கியாகணும்டி, விழுந்ததுக்கு அப்புறம் பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டி வெச்சிருந்தேன், அதுக்கு டயரே கிடைக்கல, புதுச் சக்கரம் வாங்கிட்டேன், பிரேக்கை நீ பாத்து வாங்கி மாட்டிக் கொடு, நான் உளறினேன், நல்ல மெக்கானிக் எத்தனையோ பேர் இருக்காங்க ஜெசி, அவள் வெடுக்கென்று சொன்னாள், நீதான்னேன்ல. வெலிங்டனில் ஒரு ராணுவ அதிகாரி ஊர் மாறிப் போகும்போது விற்ற ரேஸ் சைக்கிள் அது, இருபத்தேழு அங்குலச் சக்கரம், அன்றைக்கும் இப்படித்தான், பந்தயத்துக்காக எழுநூறு அளவுச் சக்கரம் பார்சலில் வந்துகொண்டிருந்தது, அது வருவதற்குள் பிரேக்கை முடித்துவிடலாம் என்று எனக்கு அவசரம், சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் பிரேக் போல்ட் போகும் துளையின் நடுவிலிருந்து ரிம் நடுவரைக்கும் ஸ்கேல் வைத்தேன், நாற்பத்தேழு மில்லி, மறுபடி நாற்பத்தேழு, மூன்றாம் முறையும் நாற்பத்தேழு, மூன்றும் சரி, அளந்த சக்கரம்தான் தப்பு. புதுச் சக்கரம் கொஞ்சம் சின்னது, மாட்டியதும் ரிம் நாலு மில்லி கீழே இறங்கிவிட்டது, பளபளவென்று நான் தேர்ந்தெடுத்த பிரேக்கின் குட்டைக் கை நாற்பத்தொன்பதுக்கு மேல் எட்டாது, கட்டையைக் கடைசிவரை இறக்கியும் இரண்டு மில்லி பற்றவில்லை, இரண்டே இரண்டு, கணக்கில் முதல் மாணவி நான், தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல மானம் தடுத்தது.

மறுநாள் ஏற்காட்டு மலையில் பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவு, எனக்கு முன்னால் அவள், பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம், சைக்கிள் தடுப்புச் சுவரில், அவள் ரோட்டில், இடது மணிக்கட்டு மூன்று இடத்தில் முறிந்து பல்கலைக்கழக அணித் தேர்வு போனது, டயரை ஜல்லி கிழிச்சிடுச்சு என்று எல்லோரிடமும் சொன்னவள் நான், அவள் அம்மாவிடம் சொன்னேன், கோச்சிடம் சொன்னேன், பிளேட் வைத்த கையோடு படுத்திருந்த அவளிடமே சொன்னேன், பிறகு கனவில் ஸ்கேலும் கையுமாக அந்த வளைவில் நிற்கிறேன், எவ்வளவு நீட்டினாலும் ஸ்கேல் ரிம்மைத் தொட மாட்டேன் என்கிறது, விழித்துக்கொண்டால் கூடத்தில் சைக்கிள்.

இந்த முறை அவசரமில்லை, முதலில் புதுச் சக்கரத்தை மாட்டினேன், டயரில் காற்று நிரப்பினேன், சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தேன், அதற்கப்புறம்தான் ஸ்கேலைத் தொட்டேன், முன்னால் ஐம்பத்தொன்று, பின்னால் ஐம்பத்து மூன்று, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன், கடைக்காரர் கை குட்டையான பிரேக்கை எடுத்து வைக்கிறார், எல்லாம் ஒண்ணுதான் மேடம், இதான் இப்ப எல்லாரும் போடுறது, பழைய போர்க்குல பின்பக்கத் துளை இதோட நட்டுக்குச் சின்னதா இருந்தா ட்ரில் போட்டுப் பெருசாக்கிடலாம், துளையைப் பெருசாக்குனா கை நீளுமாண்ணே என்றேன், அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார், நாற்பத்தேழிலிருந்து ஐம்பத்தேழு வரைக்கும் எட்டும் நீளக் கை வேணும், துளையைப் பெருசாக்காம பின்னால சாதா நட்டு போடுற மாதிரி போல்ட் வேணும், இல்லேன்னா வேண்டாம் என்றேன், கோயம்புத்தூர்லேர்ந்து வரணும் மேடம், பன்னிரண்டு நாள் ஆகும், ஆகட்டும் என்றேன், இருபத்திரண்டு வருஷத்தைக் கடத்தியவளுக்குப் பன்னிரண்டு நாளா பெரிது.

ஏற்காட்டு உச்சியில் பனி விலகாத காலை, ஜெசிந்தா ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டுகிறாள், மடங்காத மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறாள், சொல்லாமல் இவளை இறக்கிவிடக் கூடாது என்று ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்துகிறேன், ஜெசி, அன்னைக்கு ஜல்லி இல்ல, கட்டை டயர்ல உரசுறதைப் பாத்தேன், பாத்தும் சும்மா இருந்தேன். அவள் நிமிரவேயில்லை, தெரியும், அந்த டயரை நான் தூக்கிப் போடலடி, ஒரு ஓரம் மட்டும் சுத்திலும் தேஞ்சிருக்கு, ஜல்லி அப்படியா கிழிக்கும், அப்புறம் ஏன்டி என்னையே மாட்டச் சொன்ன என்றேன், வேற எவன் மாட்டினாலும் கொஞ்சம்தானேன்னு விட்டுடுவான், நீ விடமாட்ட, அதான், ஆனா இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷம் ஆச்சு பாரு, அதுக்குத்தான் எனக்குக் கோபம். சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தாள், நான் பின்னால், இருபதாவது வளைவு, பத்தொன்பது, பதினைந்து, பதினொன்றில் அவள் பிரேக்கை அழுத்துகிறாள், சைக்கிள் சொன்ன பேச்சு கேட்டு வேகம் குறைகிறது, வளைகிறது, தடுப்புச் சுவர் பின்னால் போய்விட்டது, நான் அழுதுகொண்டேதான் இறங்கினேன், காற்றில் கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது.

அடிவாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுகிறேன், டயரின் ஓரத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்க்கிறேன், கீறல் இல்லை, கோடு ரிம்மில் இருக்கிறது, கட்டை பிடித்த இடத்தில் மங்கலாக, சுற்றிலும் ஒரே சீராக, ஜெசிந்தா ஹேண்டில்பாரில் சாய்ந்து, அடிவாரத்துக் கூடைக்காரியிடம் வாங்கிய கொய்யாவைக் கடிக்கிறாள், கடித்து, மென்று, காம்பை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு, இன்னொரு தடவை ஏறலாமாடி என்கிறாள்.