வளைவில் கேட்ட குரல்

நக்தோங் ஆற்றின் வளைவில் அந்த இலையுதிர்காலத்தின் மூன்றாவது பிணம் ஒதுங்கியபோது, மாவட்ட அதிகாரி தோ யுன்சிக் தானே குனிந்து அதன் விரல்களை விரித்துப் பார்த்தார். நகக்கண்ணில் மணல். மூக்கில் நுரை. வயிறு உப்பியிருந்தது. உடம்பில் ஓர் அடியில்லை, கீறலில்லை. உயிரோடு இறங்கி மூழ்கியவன்தான். யாரும் கொன்று வீசவில்லை.

செத்தவன் ஊர் ஊராக உப்பு விற்பவன். நன்றாக நீந்துவானாம்.

"அப்புறம் ஏன்டா மூழ்கினான்?" என்று ஓடக்காரன் மங்சேயைக் கேட்டார்.

"ஒரு பொண்ணு கத்துச்சுங்கய்யா. மூடுபனி, ஒண்ணும் தெரியல. 'யாரோ தத்தளிக்கறாங்க'ன்னு மூட்டைய எறக்கிட்டுக் குதிச்சான். நானும் கேட்டேன். சத்தியமா கேட்டேன்."

"நீ குதிக்கலையா?"

"முன்னாடி செத்த ரெண்டு பேரும் அதே சத்தத்தக் கேட்டுத்தான் எறங்கினாங்க. நாலாவதா போக எனக்கென்ன பைத்தியமாய்யா? தண்ணிப் பேய் தன் எடத்துக்கு ஆள் மாத்தக் கூப்பிடுதுன்னு ஊரே சொல்லுது."

அதிகாரி பேயை நம்புகிறவரல்ல. ஆனால் பொய் சொல்கிறவன் முகம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மங்சேயின் முகம் அப்படியில்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் தனியே வளைவுக்குப் போனார். பனி இறங்கி எதிர்க்கரைப் பாறையை மறைத்திருந்தது. திடீரென்று நீர்நடுவிலிருந்து ஒரு பெண்குரல் வீறிட்டது. சொல் புரியவில்லை, தவிப்பு மட்டும் புரிந்தது. அவர் காலும் தானாக முன்னே நகர்ந்தது. அப்போதுதான் அதே குரல் பக்கத்து நாணலுக்குள்ளிருந்து வந்தது.

"புன்னீ...!"

நாணலை விலக்கினார். தலை நரைத்த ஒருத்தி, சிறுபெண்ணின் பாவாடையை மார்போடு அணைத்தபடி நின்றாள். கோடை வெள்ளத்தில் காணாமல் போன புன்னியின் அம்மா. மகளின் உடல் கிடைக்கவேயில்லை.

"தெனமும் கூப்பிடறியாம்மா?"

"கூப்பிட்டா அவ பதில் சொல்றாங்கய்யா."

அவர் பாறையைப் பார்த்துத் தன் பெயரைக் கத்தினார். பெயர் திரும்பி வந்தது.

"பாத்தியா? பாறை திருப்பிச் சொல்லுது."

"ஒங்களுக்கு ஒங்க குரல் வருது. எனக்கு அவ குரல் வருது," என்றாள் அவள் அமைதியாக.

"அந்தக் குரலக் கேட்டுத்தாம்மா மூணு பேர் தண்ணியில எறங்கினாங்க."

அவள் பாவாடையைக் கசக்கினாள். "அப்ப நான்தான் கொன்னேனா?"

"இல்ல. வழுக்கற எடம், சுழல், பனி. விபத்துன்னுதான் எழுதப் போறேன். ஆனா நீ கூப்பிடக்கூடாது."

"அவளக் குடுத்துடுங்க. நிறுத்திடறேன்."

அவர் படகுக்காரர்களைத் திரட்டினார். வெள்ளம் வடிந்து, மீன் மடக்க ஆற்றில் நட்டிருந்த பழைய பட்டியின் மூங்கில்கழிகள் நீருக்கு மேலே தெரிந்தன. கொக்கிக் கழிகளால் துழாவியபோது, மூங்கில்களின் இடுக்கில் புன்னி அகப்பட்டாள். சின்ன வயதில் முறிந்து கோணலாய்க் கூடிய முன்கை எலும்பைத் தடவிப் பார்த்த தாய், "எம் பொண்ணுதான்" என்றாள். குன்றின் சரிவில் புதைத்தார்கள். பட்டியின் கழிகளையெல்லாம் பிடுங்கி எறியச் சொன்னார் அதிகாரி.

புதைத்த அன்று மாலை தாயை வீட்டுக்கு அனுப்ப ஓடத்துறைவரை கூடவே நடந்தார். மங்சே ஓடத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பனி இறங்கியது.

வளைவின் நடுவிலிருந்து, "அம்மா...!" என்று ஒரு பெண் கத்தினாள்.

மங்சேயின் கையிலிருந்து கயிறு நழுவியது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். தாயின் உதடுகள் மூடியிருந்தன. மறுபடியும் கத்தல், இப்போது இன்னும் கிட்டத்தில், தண்ணீர் குடித்துத் திணறிக்கொண்டு. உயிருள்ள பெண்ணாக இருந்தால்? அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்கால் ஆழம் இறங்கிவிட்டார்.

தாய் பாய்ந்து வந்து அவர் சட்டைக்கையை இரண்டு கையாலும் பற்றினாள்.

"போகாதீங்கய்யா. எம் பொண்ணு என்னை 'அம்மா'ன்னு கூப்பிடவே மாட்டா, 'ஆத்தா'ன்னுதான் கூப்பிடுவா. அது அவ இல்ல."

அவர் நின்றார். குரல் மெல்ல அடங்கியது.

அந்த வாரமே துறையை மேல்பக்கம் மாற்ற உத்தரவிட்டார். மூவர் சாவும் விபத்து என்றே பதிவாயிற்று. பிறகு வளைவில் யாரும் மூழ்கவில்லை; யாரும் அங்கே போவதும் இல்லை.