தூக்கத்தில் ஓடும் பேருந்து

"தூக்கம் எப்படி?" என்று மருத்துவர் கேட்டார்.

"படுத்தா கட்டைதான் டாக்டர்," என்றார் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பார்க்கின்சன் நோயால் அவருடைய வலது கை தொடைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் முகத்தை மருத்துவர் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

"பீரோ கதவு இடிச்சிருச்சு," என்றாள் அவள்.

"போன தடவையும் பீரோதானே சொன்னீங்க?"

அவள் கணவரைப் பார்க்காமல் சொன்னாள்: "தூக்கத்துல வண்டி ஓட்டுறார். வளைவு வந்தா ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்புறார். கை என்மேல பட்டுடுது. தெரிஞ்சா இவர் தூங்கவே மாட்டார், அதான் சொல்லல."

ஓட்டுநர் மெல்லச் சொன்னார்: "ரோட்டுல ஒரு கோழியைக்கூட நான் இடிச்சதில்ல."

"இது நீங்க அடிக்கிறது இல்லைங்க," என்றார் மருத்துவர். "கனவு காணும்போது உடம்பு அசையாம கிடக்கணும். இந்த நோய் வந்தா சிலருக்கு அந்தக் கட்டு விட்டுப்போயிடும். மாத்திரை தர்றேன். அது கேக்குற வரைக்கும் தள்ளிப் படுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். அவள் அதைப் பிடுங்கிப் பழையபடி கட்டிலில் போட்டாள்.

"உங்க குறட்டை கேக்கலன்னா எனக்குத் தூக்கம் வராது."

மகளின் பழைய கட்டிலை அவள் அந்த அறைக்குள் இழுத்து வந்தாள். அவர் படுத்துக் கையை முழுக்க நீட்டினார். விரல்நுனி எட்டாத இடத்தில் அவள் கட்டிலை நிறுத்தினாள்.

"இன்னும் தள்ளிப் போடு," என்றார். "பெரிய வண்டி. திரும்ப இடம் வேணும்."