காட்சிக்கு மட்டும்

சிவசுப்பிரமணியம் பொறுப்பாக இருந்த பீட நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கென்று ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. வாசலால் நுழைந்ததும் அதுதான் கண்ணில் படும். உள்ளே ஒவ்வொரு புத்தகமும் அட்டை தெரியச் சாய்ந்து, பெண் பார்க்க வந்த இடத்தில் இருத்தி வைத்த பிள்ளையைப் போல விறைத்துக்கொண்டு நிற்கும். கீழே ஒரு மட்டையில் "புதுவரவு: காட்சிக்கு மட்டும்" என்று அவருடைய வடிவான கையெழுத்து. அலுமாரிப் பூட்டின் திறப்பு அவருடைய காற்சட்டைப் பைக்குள்.

காட்சி ஒரு மாதத்துக்கு என்பது விதி. அது முடிந்தால் பட்டியலாக்கம், பிறகு இலக்கம் ஒட்டுவது, பிறகு முத்திரை. எல்லாம் முடிந்து புத்தகம் தட்டுக்கு வரும்போது, அதைக் கேட்ட பிள்ளை பட்டமும் வாங்கிக் கலியாணமும் முடித்திருக்கும் என்று வளாகத்தில் ஒரு பகிடி. அது அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகங்களை அவர் யாருக்கும் கொடுக்க மனமில்லாத கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. பழைய புத்தகம் எதைக் கேட்டாலும் தேடி எடுத்துத் தூசு தட்டிக் கொடுப்பார். புதிது என்றால்தான் கை வராது.

வைகாசியில் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் வறண்ட நிலத்துப் புற்களைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் நிறப்படம். அதை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு நெடுநாளாகக் காத்திருந்தவர் தாவரவியல் விரிவுரையாளர் ஜெயகௌரி. அவர் சிவசுப்பிரமணியத்தின் மனைவி.

வளாகத்துக்குள் இருவரும் ஒருவரையொருவர் "சேர்", "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையும் வீடும் கலக்கக்கூடாது என்பது சிவசுப்பிரமணியம் போட்ட சட்டம்.

"சேர், அடுத்த கிழமை பிள்ளையளைக் கொடிகாமப் பக்கம் கூட்டிக்கொண்டு போறன். புல்லுப் புத்தகம் வேணும்."

"அது காட்சியிலை இருக்கு, மிஸ்."

"எனக்குக் கண் தெரியுது. அதுதான் கேக்கிறன்."

"மாதம் முடியட்டும். பிறகு பட்டியலாக்கம் இருக்கு. உங்களுக்கெண்டு விதியை மாத்தினால் நாளைக்கு ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"நூலகர் மனுசிக்குப் புத்தகம் குடுத்திட்டார் எண்டு கதைப்பினம். பெரிய அநியாயம்தான்," என்று சொல்லிவிட்டு ஜெயகௌரி வகுப்புக்குப் போனார்.

பக்கத்து மேசையில் இருந்த உதவி நூலகர் மிரியம் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். நூலகச் செய்திகளை மாதாமாதம் பேஸ்புக்கில் போடுவது அவளுடைய வேலை. அன்று பின்னேரம் அலுமாரியைப் படம் பிடித்து இப்படிப் போட்டாள்: "இம்மாதப் புதுவரவு. புற்களைப் பற்றிய அருமையான நூல். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். அட்டையில் உள்ள புல் மிக நன்றாக இருக்கிறது. ஏனைய புற்கள் பற்றித் தகவல் இல்லை."

அதன்கீழ் சிரிக்கும் முகங்கள் குவிந்தன. சிவசுப்பிரமணியம் அவளுடைய போனை வாங்கி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"மிரியம், உதிலை பிழை ஒண்டும் இல்லையே?"

"இல்லை சேர். எல்லாம் உண்மைதான்."

அவர் மீண்டும் வாசித்தார். உண்மையாகத்தான் இருந்தது. எந்த வசனத்தில் கோபிப்பது என்று தெரியாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஜெயகௌரி இடம் பார்க்கக் கொடிகாமம் போய்வந்தார். வெளியில் போயிருந்த சிவசுப்பிரமணியம் சுன்னாகத்து வீட்டுக்குத் திரும்பிப் படலையைத் திறந்தபோதே வாசம் வந்துவிட்டது. கறுத்தக்கொழும்பான். அந்த மாம்பழம் என்றால் அவர் சோற்றையும் மறப்பார். சைக்கிளை நிறுத்திய வேகத்தில் ஸ்ராண்ட் கூடச் சரியாக விழவில்லை.

குசினியில் பழம் இல்லை. சாப்பாட்டு மேசையிலும் இல்லை. அது விறாந்தைக்கு அடுத்த அறையில், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் தேநீர்க் கோப்பைகளும் மகள் பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய கிண்ணங்களும் இருந்த ஷோகேசுக்குள், கண்ணாடிக்குப் பின்னால், காம்பு மேலே பார்க்க வரிசையாக இருந்தது. முன்னால் ஒரு மட்டை: "புதுவரவு: காட்சிக்கு மட்டும்."

"இஞ்சேரும், என்ன இது?"

"வாசியுங்கோவன்," என்றார் ஜெயகௌரி குசினியிலிருந்து.

"விளையாடாமல் திறப்பைத் தாரும்."

"ஒரு மாதம் காட்சி. பிறகு எந்தக் காணி, எந்த மரம் எண்டு பதிய வேணும். பிறகு இலக்கம் ஒட்ட வேணும்."

"மாம்பழத்துக்கு இலக்கமோ?"

"முத்திரையும் இருக்கு."

"அதுக்கிடையிலை பழுதாப் போயிடுமப்பா!"

"என்ரை பிள்ளையளும் இந்த வருசத்தோடை சோதினை எழுதிப்போட்டுப் போயிடுங்கள்."

சிவசுப்பிரமணியம் உடுப்பு மாற்றப் போனார். தோற்றுப்போனதாக அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இராச்சாப்பாட்டில் புளிக்குழம்பை ருசித்துச் சாப்பிடுவதாகக் காட்டிக்கொண்டார். ஆனால் முகம் ஷோகேஸ் பக்கம்தான் இருந்தது. ஞாயிறு காலையில் பேப்பரோடு வந்து அதற்கு எதிர்க் கதிரையில் இருந்தார். வாசம் கண்ணாடி இடுக்கால் வந்துகொண்டிருந்தது. பேப்பரில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு எழும்பிப் போய்க் கண்ணாடியோடு மூக்கு முட்ட நின்றார். ஓரத்துப் பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது.

"வெளியிலை நிண்டு பாக்கலாம். தடை இல்லை," என்றது குசினிக் குரல்.

அவர் திரும்பினார். முகத்தில் பகிடியே இல்லை.

"உமக்குத் தெரியாது கௌரி. போன வருசம் உங்கடை பிள்ளையளுக்கு நம்பிக் குடுத்தன். ஒருத்தரும் தொடாத புத்தகம். திரும்பி வந்ததைத் திறந்து பாக்கிறன், நடுவிலை ஒரு றொட்டித் துண்டு! அடையாளத்துக்கு வைச்சிருக்கினம். எண்ணெய் ஊறி அஞ்சாறு பக்கம் நாசம். எனக்கு அண்டைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கேல்லை."

ஜெயகௌரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடிந்ததும் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"றொட்டி எந்த இடத்திலை இருந்தது?"

"எந்த இடமெண்டால்?"

"முன்னுக்கோ, பின்னுக்கோ?"

அவர் யோசித்தார். அந்தக் காட்சி அவருக்கு மறக்கக்கூடியதா? "பின்னுக்குத்தான். கடைசி அத்தியாயத்துக்குக் கிட்ட."

"அப்ப அவ்வளவும் வாசிச்சிருக்குதுகள்."

சிவசுப்பிரமணியம் எதிர்க் கதிரையில் போய் இருந்தார். இந்தக் கணக்கை அவர் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. நடுவில் என்றுதான் இவ்வளவு நாளும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

திங்கட்கிழமை மிரியம் வந்தபோது கண்ணாடி அலுமாரி திறந்திருந்தது.

"சேர், மாதம் முடியேல்லை."

"தெரியும். இதை இண்டைக்கே பதியும். முத்திரையை நான் குத்துறன்."

பின்னேரம் புத்தகத்தைப் பிறவுண் பேப்பரில் சுற்றி, அதற்குமேல் ஒரு பொலித்தீன் பையும் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் முன்னால் வைத்தார். ஜெயகௌரி எழும்பிப் போய் ஷோகேசைத் திறந்தார்.

பழத்துக்கும் புத்தகத்துக்கும் இடையில் முழு மேசையும் இருக்க வேண்டும் என்பது சிவசுப்பிரமணியத்தின் நிபந்தனை. மேசையின் அந்தத் தலைப்பில் ஜெயகௌரி பக்கம் புரட்ட, இந்தத் தலைப்பில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கொட்டை சூப்பினார். கண்ணைத் திறந்தபோது தூரத்தில் ஒரு படம் தெரிந்தது.

"பொறும், பொறும்! உது எங்கடை கிணத்தடியிலை நிக்கிற புல்லெல்லோ?"

எழும்பி வந்து குனிந்து விரலால் காட்டினார். மணிக்கட்டில் வழிந்த சாறு சொட்டென்று படத்தின்மேல் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் சட்டை நுனியால் ஒற்றினார். மஞ்சள் போகவில்லை. ஜெயகௌரி ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். அவரோ ஈரத்தோடு அப்படியே புத்தகத்தை மூடி எடுத்து வைத்தார்.

வகுப்பு கொடிகாமம் போன அன்று சிவசுப்பிரமணியமும் குடையோடு பஸ்ஸில் ஏறினார். "நூலகச் சொத்து வெளியிலை போகுது. நான் வரத்தானே வேணும்," என்று கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னார். வெளியில் காற்று அள்ளி வீசியது. அவர் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்க, ஒரு மாணவன் குடை பிடித்தான். பிள்ளைகள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து வந்து படத்தோடு ஒப்பிட்டார்கள். மண் உதிர்ந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊதிவிட்டார்.

கீர்த்திகா என்ற மாணவி ஒரு புல்லோடு ஓடிவந்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள். முகம் சிவந்துவிட்டது.

"மிஸ்! இது புத்தகத்திலை இல்லை! எல்லாப் பக்கமும் பாத்திட்டன். புதுசு மிஸ்!"

எல்லோரும் ஓடிவந்து சூழ்ந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். புல்லுக்குக் கீர்த்திகாவின் பெயரை வைக்க வேண்டும் என்று ஒருவன் சத்தம் போட்டான். ஜெயகௌரி புல்லை வாங்கிப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். சிவசுப்பிரமணியம் பக்க இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இலக்கம் குறைந்தது. நகத்தால் மெல்லக் கிளப்பினார். ஒட்டியிருந்த தாள்கள் மெதுவாகப் பிரிய, நடுவில் மஞ்சள் கறையோடு அதே புல் சிரித்தது.

"ஆர் சேர் இப்பிடிச் செய்தது?" என்றாள் கீர்த்திகா. ஒரு கண்டுபிடிப்புக் கைநழுவிப் போன ஆத்திரம் அவளுக்கு. "புத்தகத்தின்ரை அருமை தெரியாத ஆக்கள்!"

ஜெயகௌரி தூரத்துப் பனைகளைப் பார்த்தார்.

சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார். "நான்தான் பிள்ளை. மாம்பழம்."

குடை பிடித்தவன் முதலில் சிரித்தான், குடை ஆடியது. பிறகு எல்லோரும். கடைசியில் அவரும் சிரித்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பிள்ளைகள் பார்த்த அவருடைய முதல் சிரிப்பு அது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸுக்குள் புத்தகம் கையிலிருந்து கைக்குப் பின்சீட்டு வரை போய் வந்தது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், எழும்பிப் போகவில்லை.

இப்போது அந்த அலுமாரி பூட்டுவதில்லை. விருப்பமானவர்கள் வந்த அன்றைக்கே புதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் நூலக வாசலில் தண்ணீர்க் குழாய் ஒன்று முளைத்திருக்கிறது. "இம்மாதப் புதுவரவு: கை கழுவ ஒரு சவர்க்காரம், துடைக்க ஒரு துவாய். இரவல் கொடுக்கப்படமாட்டாது," என்று மிரியம் செய்தி போட்டாள்.

அதை வாசித்த சிவசுப்பிரமணியம், துவாய் ஒன்றல்ல, இரண்டு என்று திருத்தச் சொன்னார்.