ஹாரன் அடித்த ஊர்

நெரிடாவின் சமையலறையில் அன்று நிற்கக்கூட இடமில்லை. ஊர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவை மூடப்போவதாகச் சேதி வந்திருந்தது. மூடிவிட்டால் அவள் கணவர் லான்ஸ் வாரம் மூன்று முறை சிட்னிக்குப் போய்வர வேண்டும். அரை நாள் காரிலேயே போய்விடும். "என்னால ஆகாது. மூடினா நிறுத்திக்கிறேன்" என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்பது அங்கே வந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு டெல்தான் அதிகம் கத்தினாள். "சனிக்கிழமை காலையில ரவுண்டானாவை மறிச்சு உக்காருவோம். போலீஸ் தூக்கினாத்தான் எழுந்திருப்பேன். என்னைத் தூக்க நாலு பேர் வேணும்டி" என்றாள். வீடே சிரித்தது. முப்பது வருடப் பழக்கம். டெல்லின் மகள் பிறந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நெரிடா. டெல் சொன்னால் செய்வாள் என்று மலைபோல நம்பினாள்.

வெள்ளிக்கிழமை அட்டைகளில் எழுதும்போது ஒன்றில் 'எங்களை ஆதரிக்கிறீர்களா? ஹாரன் அடியுங்கள்' என்றும் எழுதிவைத்தாள். அந்த ஊர்ப்பக்கம் யார் எதற்குக் கொடி பிடித்தாலும் இப்படி ஒரு அட்டை இருக்கும். கை தானாக எழுதிவிட்டது.

சனிக்கிழமை வெயில் இதமாக இருந்தது, காற்றே இல்லை. கடலுக்குக் கிளம்ப ஏற்ற நாள், அதுதான் வினை. சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு எதிரே ரவுண்டானாவில் நெரிடாவும், அதே பிரிவில் மனைவியைச் சேர்த்திருந்த ஃபெர்கஸ் கிழவரும் நின்றார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரப் பையன் மட்டும் மூன்றாவது ஆள். பாவம், வெயிலுக்குத் தடவிக்கொள்ளக் களிம்பு கொடுத்தான்.

கார்கள் வந்தன. முதல் ஹாரன் கேட்டதும் நெரிடாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் நம்மோடுதான் இருக்கிறது என்று அட்டையை உயர்த்திப் பிடித்தாள். பிறகுதான் முகங்களைக் கவனித்தாள். அத்தனையும் அவள் சமையலறையில் தேநீர் குடித்த முகங்கள். படகைக் கட்டி இழுத்துக்கொண்டு, பிள்ளைகளை விளையாட்டுக்கு ஏற்றிக்கொண்டு, ஹாரன் அடித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் கடமை முடித்த திருப்தி. வராமலிருப்பதற்கு வழியை அவளே அட்டையில் எழுதி நீட்டியிருக்கிறாள்.

டெல்லின் கார், விடுமுறைக்குத் தங்கும் கேரவன் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. ரவுண்டானாவை இரண்டு முறை சுற்றி, ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அடித்தாள்.

"அசத்துறடி நெரி. விடாத."

"வண்டிய ஓரங்கட்டிட்டு வா, டெல்."

"நிறுத்தினா கடற்கரையில எடம் போயிரும்டி. போன வருஷமே சொல்லிவச்சது. திங்கக்கிழமை வந்துடுறேன், என்ன?"

வந்தாள். சூடாக லசானியா சமைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "அதுக்குத்தானடி ஓட்டுப் போடுறோம்? அடுத்த தேர்தல்ல அந்தாளை வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றாள்.

"தேர்தல் எப்ப?" என்று லான்ஸ் கேட்டார்.

"இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்று சொல்லிய பிறகு டெல் அவர் பக்கம் பார்க்கவில்லை.

கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் மனசு ஆறிவிடும். அப்படியும் சொல்ல முடியவில்லை. காட்டுத்தீ வந்தபோது ராத்திரி பகல் பாராமல் ஓடி வந்தவர்கள்தான் இவர்கள். ஆனால் தீ எல்லார் வீட்டுக்கும் வரும். லான்ஸின் சிறுநீரகம் லான்ஸுக்கு மட்டும்தான். நெரிடாவுக்கு அரசாங்கத்தின் மேல் வந்த கோபம் இரண்டு நாளில் தணிந்தது. டெல்லின் மேல் வந்தது தணியவே இல்லை. லசானியாவை அப்படியே குப்பையில் கொட்டினாள்.

பிரிவை மூடினார்கள். லான்ஸ் சிட்னிக்கு இரண்டு முறை போனார். அதற்கு மேல் முடியாது என்று படுத்துவிட்டார். கட்டிலை வரவேற்பறை ஜன்னலோரம் போட்டு, நெரிடா பக்கத்திலேயே கிடந்தாள்.

அப்படி ஒரு காலையில் டெல்லிடமிருந்து ஃபோன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"நெரி, நகராட்சிக்காரங்க செஞ்ச வேலையப் பாத்தியா? இனி கடற்கரையில நாயை அவுத்துவிடக் கூடாதாம். ரவுண்டானாவுல உக்காந்துட்டோம். கார் எதுவும் போக முடியல. நாய் இல்லாதவங்ககூட வந்திருக்காங்கடி. நீயும் ஒரு எட்டு வந்துட்டுப் போ, தலை கூடினா நல்லது."

"லான்ஸ் நாயாப் பொறந்திருந்தா நீ வந்திருப்ப" என்று சொல்லி நெரிடா ஃபோனை வைத்தாள்.

"யாரு?" என்றார் லான்ஸ். கண்ணைத் திறக்கவில்லை.

மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. சொன்னாள்.

"நெறைய பேரா?"

"ஊரே."

அவர் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்ப, இவங்களுக்கு வரத் தெரியும்" என்றார்.