வண்டி ஓடுகிற வரைக்கும்

"வண்டி ஓடுற வரைக்கும் அப்பா உன் வீட்ல இருக்கட்டும். வண்டி நின்ன அன்னைக்கு இல்லத்துல சேர்த்துடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

இதைச் சொன்னவன் என் கூடப்பிறந்த அண்ணன். சொன்ன இடம் ஆஸ்பத்திரி வராந்தா. அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்து, இனி சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொன்ன அன்று. முதியோர் இல்லத்தின் வழவழப்பான விளம்பரத் தாளை அவன் ஏற்கெனவே சட்டைப் பையில் வைத்திருந்தான். நான் "சரி" என்றேன். அதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கிழட்டு வேன் இன்னும் கொஞ்ச நாளில் படுத்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டான்.

போடட்டும். என்னைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா வாங்கிய வேன் அது. இப்போது பக்கக் கதவைத் திறக்க இரண்டு முறை இழுத்து ஒரு முறை திட்ட வேண்டும். நடு சீட்டைக் கழற்றிவிட்டு, தச்சரிடம் ஒரு கெட்டிப் பலகை செய்து வாங்கினேன். பலகையைச் சாய்த்து வைத்தால் அப்பா நாற்காலியோடு அப்படியே உள்ளே போவார். நாற்காலியை பெல்ட்டால் கட்டிவிட்டு, கை கால் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வாரத்தில் மூன்று நாள் கூட்டிப் போவேன். வேன் பஞ்சரான ஒரு நாள் டாக்ஸியில் போனோம். டிரைவர் நாற்காலியை மடித்து டிக்கியில் போட்டான், அப்பாவை மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கி சீட்டில் வைத்தான். திரும்பி வரும் வரை அப்பா வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் ஒரே வார்த்தை சொன்னார்: "வேணாம்."

வேணாமென்றால் வேணாம். ஆகவே இந்த வேன் ஓடியே தீர வேண்டும். பழைய இன்ஜினுக்கு ஆயில்தான் உயிர். புது வண்டி என்றால் ஒரு தடவை தள்ளிப் போட்டாலும் பொறுத்துக்கொள்ளும், பழசு பொறுக்காது. நான் ஒரு தடவைகூடத் தள்ளிப் போட்டதில்லை. எனக்குப் பல் வலி வந்தபோது டாக்டரைத் தள்ளிப் போட்டேன், நான் வேலை பார்ப்பதே பல் டாக்டரிடம் என்பது வேறு விஷயம்.

எங்கள் மெக்கானிக்கின் பட்டப்பெயர் சைலன்சர். அவன் வாய்க்குச் சம்பந்தமே இல்லாத பெயர், ஓயாமல் பேசுவான். அவன் ஆயில் மாற்றும்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டுகிற ஆள் இல்லை. பக்கத்திலேயே குனிந்து நிற்பேன். "அக்கா, நீங்க நின்னா எனக்குக் கை ஓட மாட்டேங்குது" என்பான். "ஓடும் ஓடும், நீ செய்" என்பேன். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து எந்த போல்ட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

போன மாதம் அண்ணன் போன் செய்தான். குரலில் தேன் ஒழுகியது.

"இந்தத் தடவை ஆயில நான் மாத்திட்டு வர்றேன். எப்பப் பாரு நீயே ஓடிட்டிருக்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? சனிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது வண்டியை எடுத்துப்போய், சாயங்காலம் கொண்டுவந்து விட்டான். கண்ணாடி மூலையில் புது ஸ்டிக்கர், அன்றைய தேதி, அடுத்த மாற்றம் எப்போது என்று எல்லாம் பளிச்சென்று இருந்தது. அவனுக்குச் சாப்பாடு போட்டு, மிச்சத்தை டப்பாவில் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அண்ணிக்கு போன் செய்து, "உங்க வீட்டுக்காரர் திருந்திட்டார்" என்றுகூடச் சொன்னேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று அண்ணி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல பானட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்தேன். புது ஆயில் என்றால் தேன் நிறத்தில் இருக்கும், துணியில் கறையே தெரியாது. இது கரிச்சட்டியைத் துடைத்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை முக்கி எடுத்துத் துடைத்தேன். அதே கரி.

நேராக சைலன்சரிடம் போய்த் துணியை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

"சொல்லுப்பா. ஆயில் எங்க?"

"அக்கா, நான் என்ன பண்றது. அண்ணன்தான் சொன்னாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆள் வந்து வண்டிய வாங்கிக்கப் போறாங்க, புது ஆயில் ஊத்துறது வீண், ஸ்டிக்கர் மட்டும் ஒட்டு, பாக்குறவங்களுக்கு நல்லா இருக்கும்னு. உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியுமாம். வண்டி தானாக நிற்கப் போவதில்லை என்று தெரிந்ததும், விற்று நிறுத்தப் பார்க்கிறான். அந்த ஸ்டிக்கரை வைத்து, வண்டியை வாங்குகிறவன் காதில் மட்டுமில்லை, என் காதிலும் பூச் சுற்றிவிட்டான்.

"இப்பவே மாத்திக் குடுத்துடறேன் அக்கா, காசே வேணாம்."

"நீ என் வண்டியத் தொடாத. ஆயிலையும் ஃபில்டரையும் வெலைக்குக் குடு. ஸ்பேனரும், சக்கரத்தை ஏத்தி நிறுத்துற கட்டையும் இரவலாக் குடு. போதும்."

அன்றே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், வாங்குகிறவன் வரட்டும், நாலு பேர் பார்க்க மாற்றுகிறேன் என்று வைராக்கியமாக இருந்தேன். அந்த வாரப் பயிற்சிக்கு வண்டியை மெதுவாக ஓட்டிப் போய் வந்தேன். விஷயத்தை அப்பாவிடம் வழியிலேயே சொல்லிவிட்டேன். பெல்ட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "ம்" என்றார். பயிற்சி கொடுக்கிற பெண் அன்று அவர் வலது கையில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னாள். கோணல்மாணலாக, ஆனால் படிக்கிற மாதிரி தன் பெயரை எழுதினார். அந்தப் பெண் கை தட்டினாள். நான் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். வேண்டுமென்றேதான் அனுப்பினேன்.

ஞாயிறு காலை வாசலில் முன் சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தினேன். அப்பாவின் நாற்காலியை நிழலில் தள்ளி வைத்தேன். இன்ஜினைச் சற்றுச் சூடாக்கி அணைத்துவிட்டு, அட்டையை விரித்துப் படுத்து, அடியில் நுழைந்து, ஆயில் வடிக்கும் போல்ட்டைத் திருப்பினேன். இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கை பார்த்தேன். விட்டுக் கொடுத்தது. கறுப்பு ஆயில் என் மணிக்கட்டில் வழிந்து, கீழே வைத்திருந்த தட்டில் கொட்டியது.

அப்போதுதான் அண்ணன் காரின் சத்தம் கேட்டது. அடியிலிருந்து பார்த்தால் இரண்டு ஜோடிச் செருப்புகள் தெரிந்தன. ஒன்று அண்ணனுடையது, இன்னொன்று வாங்க வந்தவருடையது.

"என்ன பண்ற அங்க?"

"ஆயில் மாத்துறேன்."

"அதான் போன வாரமே..." என்று ஆரம்பித்தவன் மிச்சத்தை மென்று விழுங்கினான்.

வாங்க வந்தவர் நிதானமான மனிதர். நான் தட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தபோது, கண்ணாடியிலிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தட்டைப் பார்த்தார்.

"போன வாரம் மாத்தினதா போட்டிருக்கு. இது இவ்வளவு கறுப்பா இருக்கே?"

"என்னைக் கேக்காதீங்க. ஸ்டிக்கர் ஒட்டினவரு உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு" என்றேன்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த மனிதர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஜினை எட்டிப் பார்த்தார், டயரை அழுத்திப் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்கீங்க. இப்ப மாத்திடறீங்கல்ல, அது போதும். எடுத்துக்கறேன்" என்றார். நான் கட்டிக்காத்த வண்டி, அந்தக் காரணத்தாலேயே கைவிட்டுப் போகப் பார்த்தது.

அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. பையிலிருந்து விற்பனைத் தாளை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தான். வண்டி அப்பா பெயரில்தான் இருக்கிறது.

"அப்பா, இங்க ஒரு கையெழுத்து. இவ முதுகு ஒடிஞ்சு போயிடும்ப்பா, உங்களுக்காகவும்தான் சொல்றேன். அங்க நர்ஸெல்லாம் இருக்காங்க."

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. என் முதுகும் உண்மையாகவே வலிக்கிறது. ஆனால் முதுகு என்னுடையது. அதை ஒடித்துக்கொள்வதா வேண்டாமா என்று நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

அப்பா அவன் நீட்டிய பேனாவை வலது கையால் வாங்கினார். இந்த வண்டியில் போய் வந்து போய் வந்துதான் அந்தக் கை பேனா பிடிக்கப் பழகியது. அப்பா தாளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையை நாற்காலிக்கு வெளியே நீட்டி விரல்களைத் திறந்தார். பேனா கறுப்பு ஆயில் தட்டில் விழுந்து முழுகியது.

"கை... நடுங்குது" என்றார்.

அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்துக் கொடுத்தான். அப்பா வாங்கினார். அதுவும் தட்டில் விழுந்தது.

"இன்னொண்ணு... இருக்கா?"

வாங்க வந்தவர் தன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "ஐயாவுக்கு மனசு இல்ல சார். நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார்.

நான் போல்ட்டை இறுக்கினேன். புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் ஆயில் தடவி மாட்டினேன். வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, அப்பாவின் நாற்காலியை பானட்டுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனேன். "புனலைப் பிடிங்கப்பா" என்றேன். வலது கையை நீட்டிப் பிடித்தார். தேன் நிறத்தில் புது ஆயில் இறங்கியது. டப்பா காலியாகும் வரை புனல் ஆடவில்லை, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நடுங்கலையே" என்றான் கடைசியில்.

"இல்ல" என்றார் அப்பா.

இன்ஜினை ஓட விட்டேன். ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்துக் கம்பியை உருவிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. கதவை இரண்டு முறை இழுத்து, ஒரு முறை திட்டித் திறந்தேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று, பலகையைச் சாய்த்து அப்பாவை ஏற்றி பெல்ட்டைக் கட்டினேன்.

"வண்டி ஓடுது. பேச்சு மாறக் கூடாது" என்றேன் அண்ணனிடம்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது, ஒவ்வொரு வார்த்தையாக.

"பின் சீட்டு... காலியாத்தான் இருக்கு. அந்த ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டு... ஏறு."

அண்ணன் கண்ணாடி மூலைக்குப் போய் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். நான் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, சீக்கிரம் என்று ஹாரனை அடித்தேன்.