குருவம்மாள் உட்காரும் இடம்

குருவம்மாள் செத்து இரண்டு தீபாவளி போய்விட்டது. ஆனாலும் காலையில் கம்பெனி வேனில் ஏறும்போது செல்வலட்சுமி ஜன்னலோர இடத்தை விட்டுத்தான் உட்காருவாள். அங்கே குருவம்மாள் இருந்தாள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி மின்ன, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல். முதல் நாள் செல்வலட்சுமிக்கு உயிரே போய்த் திரும்பியது. பிறகு பயம் தெளிந்துவிட்டது என்று சொன்னால் பொய். பயத்தோடு வேலைக்குப் போகப் பழகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அச்சங்குளத்துப் பக்கம் இருக்கிற அந்தப் பட்டாசுக் கம்பெனியில், மருந்து அடைக்கும் ரூமின் வாசலில் ஒரு மாரியம்மன் படம் உண்டு. மாதவிலக்கான பெண் அந்தப் படத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. போர்மேனிடம் 'தூரம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வேப்பமரத்தடிக் கொட்டகையில் காகிதக் குழாய் உருட்டப் போய்விட வேண்டும். மீறினால் அம்மன் பொறுக்க மாட்டாள், ரூம் தீப்பிடித்துவிடும். இது யார் கண்டுபிடித்த சட்டமோ தெரியாது. குழாய் உருட்டினால் பாதிக் கூலி என்பதைக் கண்டுபிடித்தது மட்டும் கம்பெனிதான்.

குருவம்மாளுக்கு எல்லாம் நின்று, பேரன் பிறந்து, அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடியும் உதிரம் வந்தது. வந்தது நிற்கவே இல்லை. அந்த வயதில் போர்மேன் முன்னால் போய் நின்று தூரம் என்று சொன்னால் மானம் போகாதா? தினமும் சொன்னால் வேலைதான் மிஞ்சுமா? துணியை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

சீசன் மும்முரத்தில் ஒரு மத்தியானம், பெண்கள் எல்லாரும் சாப்பிட வெளியே வந்திருந்த நேரத்தில் ரூம் வெடித்தது. உள்ளே மருந்து கலக்கிக்கொண்டிருந்த முனியராஜ் அங்கேயே முடிந்துபோனான். முந்தின நாள் கலந்து மிஞ்சிய மருந்தை, ஆர்டர் அவசரத்தில் மறுபடியும் எடுத்துக் கிளறியதுதான் காரணம் என்று விசாரிக்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தியும் நம்பவில்லை. குருவம்மாள், காரணம் தன் சேலைக்குள் இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

அதன் பிறகு அவளை ஆஸ்பத்திரிப் பக்கம் யாராலும் இழுக்க முடியவில்லை. படுத்த படுக்கையான பிறகுதான் செல்வலட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"டாக்டரம்மா எப்ப இருந்துன்னு கேப்பாக. சொன்னா ரூம் வெடிச்ச அந்த நாளும் அதுக்குள்ள வந்துரும். வேண்டாம் தாயி. யார்ட்டயும் சொல்லீராத, எம் மேல சத்தியம்."

கடைசியில் மகன் தூக்கிக்கொண்டு விருதுநகருக்கு ஓடினான். கர்ப்பப்பை வாயில் ஆரம்பித்த புற்றுநோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது. முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். வெடித்துச் செத்தால் பேப்பரில் படமாவது வரும். இவளுக்கு அதுவும் இல்லை.

இந்த ஆடியில் செல்வலட்சுமிக்கும் ஆரம்பித்தது. நின்று மூன்று வருஷமான உதிரம். குளியலறையில் அந்தக் கறையைப் பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, கதவோரம் குருவம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளிக் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. செல்வலட்சுமி துணியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். திரும்பக் கட்டிய ரூமின் வாசலில் இருந்த அம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். திருத்தங்கல்லிலிருந்து தேவமணி சிஸ்டர் வந்திருந்தாள். பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் ஏன் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள் என்று ஒரு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி செய்கிறது; அதில் அவளும் வேலை பார்த்தாள். ஓரத்தில் திரை கட்டி, பரிசோதனைக்குக் கட்டில் போட்டிருந்தது. சிஸ்டர் வலிக்காது என்றாள், சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் என்றாள். பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"வெடியில செத்தவுக கணக்கு எல்லார்ட்டயும் இருக்கு," என்றாள் சிஸ்டர். "உதிரம் போயிச் செத்தவுக கணக்கு யார்ட்டயும் இல்ல. ஏன் ஆஸ்பத்திரிக்கு வரலன்னு தெரிஞ்சாத்தான் மத்தவுகளக் காப்பாத்த முடியும். தெரிஞ்சவுக சொல்லுங்க."

விசிறிகள் நின்றன. சுவரோரமாகக் குருவம்மாள் உட்கார்ந்திருப்பதைச் செல்வலட்சுமி பார்த்தாள். முன்வரிசையில் முனியராஜின் மனைவி பிரீத்திகா இருந்தாள். அவளும் அதே ரூமில் வேலை பார்த்தவள்தான். வாயைத் திறந்தால் செத்தவளுக்குக் கொடுத்த சத்தியம் போகும், பிரீத்திகா மண்ணை வாரித் தூற்றுவாள். திறக்காவிட்டால் தானும் அந்த ஜன்னலோரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். செல்வலட்சுமிக்குச் சாகப் பயமாக இருந்தது. எழுந்து நின்றாள்.

"குருவம்மா மதினி அப்படித்தான் செத்துச்சு. ரூம் வெடிச்ச அன்னிக்கும் அதுக்கு உதிரம் போய்க்கிட்டுதான் இருந்துச்சு. முனியராஜத் தாந்தான் கொன்னுட்டோம்னு நெனச்சே டாக்டர்ட்டப் போகல. இப்ப எனக்கும் வந்திருக்கு."

எல்லாக் கண்களும் பிரீத்திகா மேல் போயின. அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

"அன்னிக்கு நானும் தூரந்தான்," என்றாள். "சொல்லாம உள்ள போயிட்டேன். எம் புருசன நாந்தான் கொன்னேன்னு இம்புட்டு நாளா..."

பின்வரிசையிலிருந்து லட்சுமிகாந்தம் மெதுவாகச் சொன்னாள், சீசனில் எவள்தான் சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்தாள், நானும் மாதாமாதம் உள்ளேதான் போனேன் என்று. அவள் பக்கத்தில் இருந்தவள் நானும் என்றாள். அதற்கடுத்தவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

செல்வலட்சுமி ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் உதிரத்தோடு ஒருத்தியாவது உள்ளே போகாத நாளே அந்த ரூமுக்கு இருந்ததில்லை. அத்தனை நாளும் அம்மன் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒரே ரகசியத்தை ஆளுக்கொன்றாகப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்கள். ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குருவம்மாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அழுதாள்.

முதலில் யார் வருகிறீர்கள் என்று சிஸ்டர் கேட்டாள். செல்வலட்சுமி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரோரத்திலிருந்து குருவம்மாள் எழுந்தாள். கைகளைச் சேலையில் துடைத்தாள், பொடி போகவில்லை. கட்டிலை நோக்கி அவள் நடந்து உள்ளே போனபோது திரை அசையவில்லை.

"இரு மதினி," என்றாள் செல்வலட்சுமி, "நானும் வாரேன்."